காற்றில் நின்ற கீரை

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஐடா வளர்ப்பறையின் கதவைத் திறந்தபோது உள்ளே செடிகள் வெளுத்துக் கிடந்தன. விளக்கு வெளிச்சம் கண்ணைக் கூசுவதால்தான் அப்படித் தெரிகிறது என்று முதலில் நினைத்தாள். ஒரு தட்டை வெளியே இழுத்தாள். இலைகள் மஞ்சளும் இல்லை, வெள்ளையும் இல்லை; ஊறவைத்த காகிதம் மாதிரி இருந்தன. அடுத்த தட்டும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

கையில் இருந்த சாவிக்கொத்து கீழே விழுந்தது. குனிந்து எடுக்கத் தோன்றவில்லை.

வாயு சிலிண்டரின் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது.

மூடிப்போன தங்கச் சுரங்க ஊரின் மைசூர் மைன்ஸ் பகுதியில், ஒரு காலத்தில் சுரங்க அதிகாரி ஒருவர் குடியிருந்த பங்களாவை வாடகைக்கு எடுத்து நடந்து வந்தது அந்தச் சின்னத் தாவர ஆராய்ச்சி மையம். ஐடா அங்கே ஒன்பது வருடமாக டெக்னீஷியன். பி.எஸ்ஸி. தாவரவியல் படித்த ஊர்க்காரி என்பதால் எடுத்துக்கொண்டார்கள். அவள் கணவன் ஜெயகரன் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் வருகிறவன். ஐடாவைப் போல நாற்பத்தொரு வயதில், வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு வேலை இருப்பது அந்த ஊரில் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

வளர்ப்பறையில் இருந்தவை சாதாரணத் தண்டுக்கீரைச் செடிகள் இல்லை. சோளம், கேழ்வரகு, கரும்பு, தண்டுக்கீரை போன்ற செடிகளின் இலைக்குள் ஒரு பம்பு மாதிரி ஏற்பாடு இருக்கிறது. காற்றில் கொஞ்சமாக இருக்கும் கரியமில வாயுவைப் பிடித்து, உள்ளே இருக்கும் அறைகளில் அடர்த்தியாகச் சேர்த்துக் கொடுக்கும். சி-4 என்று பாடப்புத்தகத்தில் வரும் வழி அதுதான். நெல்லுக்கும் கோதுமைக்கும் அந்தப் பம்பு கிடையாது. அதை நெல்லுக்குக் கொண்டுபோக முடியுமா என்று உலகத்தில் பலர் முயன்றுகொண்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் அந்தப் பம்பு எந்தெந்த மரபணுக்களால் ஓடுகிறது என்று தெரிய வேண்டும். தெரிந்துகொள்ள ஒரு வழி, ஒவ்வொன்றாக உடைத்துப் பார்ப்பது.

உதய் அதைத்தான் செய்திருந்தான். பக்கத்து நந்திதுர்க்கில் பிறந்து, பெங்களூரில் முனைவர் பட்டம் வாங்கித் திரும்பி வந்தவன், முப்பது வயது. கீரை விதைகளை ரசாயனத்தில் ஊறவைத்து, ஆயிரக்கணக்கில் முளைக்க விட்டு, பம்பின் முதல் மரபணு இரண்டு பிரதியிலும் உடைந்துபோன செடிகளைத் தேடிப் பிடித்தான். மூன்று வருடத்தில் அவனுக்குக் கிடைத்தது ஒரு குடும்பம். அதில் நாற்பத்திரண்டு செடிகள். பம்பு உடைந்த இலைக்கு நம் காற்று போதாது. அறைக்குள் பதினைந்து மடங்கு கரியமில வாயு ஓடிக்கொண்டே இருந்தால்தான் அவை பச்சையாக நிற்கும். வெளிக்காற்றில் விட்டால் நாலைந்து நாளில் வெளுத்துவிடும்.

உதய்க்கு அந்த வருடம் தலை தீபாவளி. மாமியார் வீடு குடியாத்தத்தில். முந்தின சனிக்கிழமை கிளம்பும்போது அவன் தயங்கித் தயங்கித்தான் கிளம்பினான்.

"நீ போப்பா. எங்களுக்கு இன்னா தீவாளி? நான் தினம் வந்து பாத்துக்கறேன்" என்று ஐடாதான் அவனை அனுப்பிவைத்தாள்.

அப்போது முள் பாதியில் இருந்தது. ஆறு நாளைக்குத் தாங்கும். மறுநாள் தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, வேளாங்கண்ணிக்குப் போகும் வேனில் ஒரு இடம் காலி என்றார்கள். ஜூனில் ஜெயகரனுக்கு இதயத்தில் அடைப்பு எடுத்தபோது அவள் நேர்ந்துகொண்டது நிலுவையில் நின்றது. செவ்வாய் இரவு திரும்பிவிடலாம் என்றார்கள். ஐடா மையத்துக்கு ஓடிப்போய், பதிவேட்டில் ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளுக்கும் வாயு அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடும்போது மனது உறுத்தியது. ஆனாலும் மூடினாள்.

திரும்பும் வழியில் திருச்சியில் வேனின் கியர் பெட்டி உடைந்தது. தீபாவளி விடுமுறை, மெக்கானிக் கிடைக்கவில்லை. வேன் ஊர் வந்து சேர வியாழன் இரவாகிவிட்டது. அதுவரை தினமும் காலையில் உதய்க்குப் போன் செய்து, "எல்லாம் நல்லா கீது, நீ நிம்மதியா இரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாயுக்குழாயின் ரப்பரில் ஒரு விரிசல். அவள் கிளம்பிய அன்றே கசியத் தொடங்கியிருக்க வேண்டும். அளவு குறைந்தால் அலறும் அலாரம் கெட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது.

ஐடா விரிசலைச் சுற்றி டேப் ஒட்டினாள். புது சிலிண்டரை உருட்டி வந்து, ஸ்பானரால் முடுக்கினாள். பிறகு பதிவேட்டைத் திறந்து புதனுக்கும் வியாழனுக்கும் எண்கள் எழுதினாள். எண்கள் கோணல்மாணலாக விழுந்தன. எல்லாவற்றையும் செய்து முடித்த பிறகுதான் அவள் அதைப் பார்த்தாள்.

கடைசித் தட்டின் ஓரத்தில் ஒரு செடி பச்சையாக நின்றுகொண்டிருந்தது.

தொட்டுப் பார்த்தாள். இலை தடிப்பாக, குளிர்ச்சியாக இருந்தது. அடியில் இளஞ்சிவப்பு ஓடிய தண்டு. சந்தையில் கட்டுக்கட்டாக விற்கிற கீரை எப்படி இருக்குமோ அப்படி. விதை கலந்திருக்கும் என்று தோன்றியது. எங்கேயோ ஒரு சாதாரண விதை தவறி விழுந்திருக்கும். வேறென்ன? அது உண்மையா என்று பார்த்துவிடலாம் என்று ஒரு இலைத் துணுக்கைக் கத்தரித்துக் குப்பியில் போட்டு வைத்தாள்.

பத்து மணிக்கு உதய் வந்தான். கையில் மாமியார் வீட்டு முறுக்கு டப்பா. அறைக்குள் போனவன் வெகு நேரம் வெளியே வரவில்லை. ஐடா எட்டிப் பார்த்தபோது அவன் தரையில் உட்கார்ந்து ஒரு தட்டை மடியில் வைத்திருந்தான்.

"அக்கா, நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்களே."

ஐடா கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"கேஸ்?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து வந்து பதிவேட்டைப் புரட்டினான். எல்லா நாளும் சரியாக இருந்தது. "கேஸ் ஓடிக்கினே தான் இருந்திருக்கு. அப்போ நோய்தான் இது. சுரங்க மேட்டுத் தூசு ஃபில்டர் வழியா வந்து ஏதாவது பண்ணிடுச்சா? ஒரே ராத்திரியில இப்டி ஆவுமா?"

அவன் அவளைச் சந்தேகப்படவே இல்லை என்பதுதான் அவளைக் கொன்றது.

சனிக்கிழமை உதய் வரவில்லை. ஐடா தனியாக உட்கார்ந்து அந்த இலைத் துணுக்கைச் சோதித்தாள். நூறு தடவை செய்த வேலைதான். இலையை அரைத்து டி.என்.ஏ.வைப் பிரித்து, உடைந்த மரபணு இருக்கும் இடத்தை மட்டும் இயந்திரத்தில் பெருக்கி, நொதியால் வெட்டி, ஜெல்லில் ஓடவிட வேண்டும். நல்ல மரபணு என்றால் நொதி அதை வெட்டும். இரண்டு கோடு விழும். உடைந்தது என்றால் வெட்டுமிடம் அழிந்திருக்கும்; ஒரே கோடு. பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதாரணக் கீரையையும் வைத்தாள்.

விளக்கைப் போட்டாள். சாதாரணக் கீரைக்கு இரண்டு கோடு.

பச்சைச் செடிக்கு ஒன்று.

அவள் விளக்கை அணைத்து மறுபடி போட்டுப் படம் எடுத்தாள். ஒரே கோடுதான். நொதி கெட்டிருக்குமோ என்றால் பக்கத்துக் கீரையை அது வெட்டியிருக்கிறதே. வேறொரு இலையைக் கிள்ளி வந்து, புதுக் குப்பி நொதியோடு முதலிலிருந்து செய்தாள். மாலை நாலரைக்கு இரண்டாவது படம் வந்தது. அதே ஒற்றைக் கோடு. பம்பு இரண்டு பிரதியிலும் உடைந்த செடி, வெறும் காற்றில் நாலைந்து நாள் பச்சையாக நின்றிருக்கிறது. ஐடா இரண்டு படங்களையும் கைப்பைக்குள் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஜெயகரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கையைக் கழுவாமலே உட்கார்ந்து கேட்டான்.

"நீ போயிட்டு வந்தது எனக்காக நேந்துக்கினதுக்குத்தான். எனக்குத் தெரியும். ஆனா இன்னாத்துக்கு இப்போ போயி சொல்லணும்ன்றே? அவங்களே நோயின்னு சொல்றாங்க. விட்டுடு."

"அந்தப் பச்சைச் செடி?"

"அந்த ஜெல்லு போட்டோவ மட்டும் காட்டு. கேஸ் கதைய இன்னாத்துக்கு எடுக்கற?"

"அதுல ஒண்ணும் இல்லீங்க. கேஸ்ல இருந்தா அந்த நாப்பத்திரெண்டும் பச்சையாத்தான் இருக்கும். கேஸ் இல்லாம இது நின்னுச்சுன்னாதான் அது பெரிய விஷயம். அது எனக்கு மட்டும்தான் தெரியும்."

ஜெயகரன் அவளையே பார்த்தான். "வேலை போயிடும்" என்றான். அவள் தலையாட்டினாள்.

திங்கட்கிழமை காலை பெங்களூரிலிருந்து மமதா வந்தாள். மையத்தின் தலைவி, ஐம்பத்தைந்து வயதுக் கன்னடக்காரி, பங்காருப்பேட்டையில் வளர்ந்ததால் தமிழ் சரளமாக வரும். வளர்ப்பறையைச் சுற்றிப் பார்த்தாள். பதிவேட்டைப் பார்த்தாள். உதடுகளை அழுத்திக்கொண்டாள்.

"எல்லாத்தையும் நீராவி பெட்டியில போட்டுடு உதய். ஒரு இலை கூட வெளிய போகக் கூடாது. ரூமை பிளீச்சிங் பண்ணு."

"அந்த ஒண்ணு நல்லா இருக்கு மேடம்."

"அது ஏதோ கலந்த விதை. அதுக்கும் நோய் ஒட்டியிருக்கும். பேடா, வேண்டாம், எல்லாம் போகட்டும்."

உதய் பெரிய பிளாஸ்டிக் பையை விரித்தான். வெளுத்த செடிகள் ஒவ்வொன்றாக வேரோடு அதற்குள் போயின. மறுபடி இப்படிச் செடிகளைக் கொண்டுவர ஒன்றரை வருடம் ஆகும். அவன் எண்ணிக்கொண்டே போட்டான், சத்தம் வராமல், உதடு மட்டும் அசைந்தது. கடைசித் தட்டுக்கு வந்து அந்தப் பச்சைத் தண்டைப் பிடித்தான்.

"அத போடாத!" ஐடாவின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

இருவரும் திரும்பினார்கள்.

"மேடம், ரிஜிஸ்டர்ல இருக்கறது பொய். ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு அப்புறம் நான் இந்தப் பக்கமே வரல. வேளாங்கண்ணிக்குப் போயிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில வந்தப்போ சிலிண்டர் காலி. குழாய்ல விரிசல். நான்தான் டேப் போட்டு சிலிண்டர் மாத்துனேன். எல்லா நம்பரையும் நானே எழுதினேன்."

உதயின் முகம் சட்டென்று வெளிறி, பிறகு சிவந்தது.

"இன்னாக்கா சொல்றீங்க?"

"ஆமாம்பா."

"தினம் போன் பண்ணீங்களே! நிம்மதியா இருன்னு சொன்னீங்களே! குடியாத்தம் இன்னா அமெரிக்காவா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பைக்க எடுத்துக்கினு ரெண்டு மணி நேரத்துல வந்திருப்பேனே! மூணு வருஷம்க்கா! எங்க அப்பா செத்தப்போ கூட காரியம் முடிஞ்ச அன்னிக்கே வந்து இதுங்களுக்குத் தண்ணி ஊத்தினேன். நீங்க பாத்தீங்க. பாத்துக்கினு நின்னீங்க. கேஸ் இல்லாம ஒரு வாரம் இதுங்க…"

அவன் வாய் திறந்தபடி நின்றது. கை இன்னும் அந்தத் தண்டைப் பிடித்திருந்தது. கையை எடுத்தான். தீயைத் தொட்டவன் மாதிரி ஓரடி பின்னால் போனான்.

"கேஸ் இல்லாமயா?" என்றான், இந்தத் தடவை முணுமுணுப்பாக.

ஐடா கைப்பையிலிருந்து இரண்டு ஜெல் படங்களையும் எடுத்து மமதாவிடம் நீட்டினாள். "ரெண்டு தடவ ஓட்டினேன் மேடம். ரெண்டு வேற இலை. ஒரே கோடுதான் வருது."

மமதா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படங்களைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். ஒன்றைப் பார்த்தாள், மற்றதைப் பார்த்தாள், மறுபடி முதலாவதைப் பார்த்தாள். பக்கத்தில் கவிழ்ந்திருந்த தொட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யோ தேவரே" என்றாள்.

உதய் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. அது துக்கமா வேறு ஏதாவதா என்று ஐடாவுக்குத் தெரியவில்லை. அவனுக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

வெகு நேரம் கழித்து மமதா எழுந்தாள். "கேஸை மூடு" என்றாள். "சுத்தமா மூடு. கதவைத் திற. வெளிக்காத்து வரட்டும். ஒரு வாரம் பாக்கலாம்."

அன்று மதியம் ஐடாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, ஆறு நாளும் நடந்ததை மணிவாரியாக எழுதித் தரச் சொன்னாள். ஐடா நாலு பக்கம் எழுதினாள். மமதா முழுவதையும் படித்தாள்.

"மூணு மாசம் நீங்க வர வேண்டாம் ஐடா. அதுக்கு அப்புறம் என்னன்னு நான் இப்ப சொல்ல முடியாது. செடி செத்ததுக்கு இல்ல. குழாய் யாருக்கு வேணும்னாலும் விரிசல் விடும். எழுதினீங்களே, அதுக்கு."

"சரிங்க மேடம்."

"நீங்க இன்னிக்கு வாயைத் திறக்காம இருந்திருந்தா நானே அதைப் பைக்குள்ள போட்டிருப்பேன். அதையும் நான் மறக்க மாட்டேன். ரெண்டும் உண்மைதான். என்ன பண்றதுன்னு எனக்கே தெரியல."

அந்த மூன்று மாதத்தில் உதய் ஒரு தடவைகூடப் போன் செய்யவில்லை. தேவாலயத்துக்குப் போகும் வழியில் ஒரு நாள் அவன் பைக் எதிரில் வந்தது. அவன் வேகத்தைக் குறைக்கவில்லை. மமதாதான் அவ்வப்போது இரண்டு வரிச் செய்தி அனுப்புவாள். *ஏழு நாள் ஆயிற்று. பச்சைதான்.* பிறகு, *பூத்துவிட்டது.* ஜனவரியில் ஒரு நாள் போன் செய்தே பேசினாள்.

"உதய் அதோட மரபணுத் தொகுதி முழுசையும் படிச்சிட்டான். கேளுங்க ஐடா. உடைஞ்ச மரபணு உடைஞ்சபடியேதான் இருக்கு. ஆனா அதுக்கு அக்கா ஒருத்தி இருக்கா தெரியுமா? அதே மாதிரி இன்னொரு மரபணு. எல்லாச் செடியிலயும் இருக்கும். வேர்ல, விதையில சின்னச் சின்ன வேலை பார்த்துட்டு இருக்கும். இலைப் பக்கமே வராது. இந்தச் செடியில டி.என்.ஏ. துண்டு ஒண்ணு எங்கிருந்தோ தாவி வந்து அதுக்கு முன்னால உக்காந்திருக்கு. அதுதான் அவளை இலையில எழுப்பி விட்டிருக்கணும்."

ஐடா போனை மறு காதுக்கு மாற்றினாள். "அந்த ஒரு துண்டாலயா மேடம்?"

"அப்படித்தான் தோணுது. இந்தப் பம்பு உருவானதே ஆதியில இப்படித்தான். பழைய மரபணுவுக்குப் புது வேலை. லட்சக்கணக்கான வருஷம் ஆச்சு அதுக்கு. இங்க நம்ம கண்ணு முன்னால…" மமதா வாக்கியத்தை முடிக்கவில்லை. "நிரூபிக்கணும். விதை விழுந்திருக்கு. வெறும் காத்துல போடறோம். பிப்ரவரி கடைசியில வாங்க, எண்ணணும்."

எண்ணும் நாளன்று ஐடா பயந்துகொண்டேதான் உள்ளே போனாள். அவளுக்கு வளர்ப்பறைச் சாவி இல்லை. பதிவேட்டில் எழுதும் வேலையும் இல்லை. ஜெல் ஓட்டும் வேலை மட்டும்தான் என்று மமதா முதலிலேயே சொல்லிவிட்டாள். உதய் திரும்பிப் பார்த்து, "வாங்க" என்றான். அவ்வளவுதான்.

மேசை மேல் நாலு பெரிய தட்டுகள். முளைத்து மூன்று வாரமான நாற்றுகள்; மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. எல்லாமே பம்பு உடைந்த அந்தப் பச்சைச் செடி தன் மகரந்தத்திலேயே காய்த்த பிள்ளைகள். எல்லாமே வெளிக்காற்றில் வளர்ந்தவை. அத்தனையும் வெளுத்திருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் நாலைந்து பச்சை தென்படும் என்றுதான் ஐடா மனதைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள்.

தட்டுகள் பச்சையாக இருந்தன. நடுநடுவே மட்டும் வெளுத்த நாற்றுகள்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தனித்தனியா எண்ணுங்க. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கக் கூடாது" என்றாள் மமதா. ஆளுக்கொரு காகிதம் கொடுத்தாள். ஐடா இரண்டு முறை எண்ணினாள். உதய் மூன்று முறை எண்ணினான். காகிதங்களை மேசையில் வைத்தார்கள். ஐடாவுடையதில் நூற்று ஐம்பத்தாறு பச்சை. உதயுடையதில் நூற்று ஐம்பத்தேழு.

நான்கில் ஏறக்குறைய மூன்று பங்கு. ஒரே ஒரு மாற்றம் தாய்ச்செடியில் ஒரு பிரதியாக இருந்து, அது ஒன்றே போதுமானதாகவும் இருந்தால், பிள்ளைகள் இப்படித்தான் பிரியும். கல்லூரி முதல் வருடத்தில் பட்டாணிச் செடியை வைத்து ஐடா படித்த கணக்கு. பல சில்லறை மாற்றங்கள் சேர்ந்து நடந்திருந்தால் இந்த விகிதம் வந்திருக்காது. மமதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தாள். உதய் தன் காகிதத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு இடிக்குதே" என்றான்.

தட்டு தட்டாகத் தேடி, மூன்றாவது தட்டின் மூலையில் அந்த நாற்றைக் கண்டுபிடித்தார்கள். வெளிர் பச்சை, இரண்டு இலை.

"இது பச்சைதான்" என்றான் உதய்.

"இல்லப்பா. நரம்பு ஓரமா பாரு. வெளுக்க ஆரம்பிச்சிருக்கு."

"எங்க வெளுத்திருக்கு? வெளிச்சத்துல அப்டித் தெரியுது. நல்லாப் பாத்து சொல்லுங்கக்கா."

"நான் நல்லாத்தான் பாக்கறேன். நீ கண்ணாடி போட்டுக்கினு பாரு."

அவன் குனிந்தான். அவளும் குனிந்தாள். நாலு மாதத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. ஐந்து நிமிடம் விடாமல் சண்டை போட்டார்கள். கடைசியில் மமதா அந்த நாற்றின் பக்கத்தில் ஒரு குச்சியைக் குத்தி வைத்து, "திங்கட்கிழமை பாக்கலாம், போங்க" என்று இருவரையும் துரத்தினாள்.

திங்கட்கிழமை அந்த நாற்று முழுக்க வெளுத்திருந்தது. உதய் தன் காகிதத்தில் நூற்று ஐம்பத்தேழை அடித்துவிட்டு, நூற்று ஐம்பத்தாறு என்று எழுதினான்.

"நீங்க சொன்னதுதான் சரிக்கா" என்றான். அதைத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பிறகு இலைத் துணுக்குகள் போட இருநூற்றுப் பன்னிரண்டு குப்பிகளை எண்ணி அவள் பக்கம் தள்ளிவைத்தான்.